எதை அட்ஜஸ்ட் பண்றது?

போன வருடம் ஒரு தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய படம் இல்லை, பெயர் சொன்னாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. கல்யாணமான மகள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெட்டியைப் பார்க்காமலே சொல்கிறாள், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." நான் 'ப்ளீஸ் அட்ஜஸ்ட் எ லிட்டில்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. தரம் பார்ப்பவர் லண்டன் பக்கம் எங்கோ இருப்பவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் ஆங்கிலமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'அட்ஜஸ்ட் வாட்?'

எதை அட்ஜஸ்ட் செய்வது?

முதலில் எரிச்சல்தான் வந்தது. இதுகூடவா புரியாது? சரி, விளக்கி ஒரு வரி எழுதிப் போடுவோம் என்று உட்கார்ந்தால், கை ஓடவில்லை. எதை? அந்த அம்மா எதைச் சொல்கிறாள்? வசனத்தில் இல்லை. காட்சியிலும் இல்லை. இன்னொன்றும் உறைத்தது. இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். தமிழில், போனில், அக்காவின் குரலில். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் முதன்முதலில் கேட்ட 'அட்ஜஸ்ட்'டுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அப்பாவுக்கு திண்டுக்கல்லில் டூவீலர் ஒர்க் ஷாப். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். பிரேக் அட்ஜஸ்ட், கிளட்ச் அட்ஜஸ்ட், வால்வு அட்ஜஸ்ட், செயின் அட்ஜஸ்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்டு, ஒரு ஸ்பேனர், ஒரு அளவு. எதை என்று யாரும் கேட்கவேண்டியதில்லை, கண்ணெதிரே இருக்கும். செயின் தொய்ந்துபோன வண்டி வந்தால் அப்பா பின்சக்கர ஆக்ஸில் நட்டை இளக்கிவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற அட்ஜஸ்டரை மாறி மாறித் திருகுவார். இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருப்பார்கள், அதைக் குனிந்து பார்த்துக்கொள்வார். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருகிக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. வண்டி ஓடும், ஆனால் சக்கரம் கோணிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நாளில் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து வரும். ரொம்ப இறுக்கியும் விடக் கூடாது. விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தால் ஒரு இன்ச் அளவுக்காவது ஆட்டம் இருக்கணும் என்பார். "ஆட்டமே இல்லாம டைட்டா வெச்சா அறுத்துட்டுப் போயிரும்டா."

ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் வாழ்ந்ததும் பெரும்பாலும் இந்த மாதிரிப் பட்டறைகளில்தான். தராசு, கடிகாரம், தொலைநோக்கி. யாரோ ஒருவர் ஏதோ ஒரு பொருளை ஓர் அளவுக்குக் கொண்டுவருகிறார். 18ஆம் நூற்றாண்டில் இன்ஷூரன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கப்பல் மூழ்கினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பிரித்துத் தீர்ப்பது அட்ஜஸ்ட் செய்வது. அங்கேயும் எதை என்பது தெளிவு, ரூபாய் பைசா வரைக்கும். ஒரு மனிதன் தன்னையே புதிய இடத்துக்கோ புதிய வேலைக்கோ பழக்கிக்கொள்வது என்ற பொருளில், முன்னால் பின்னால் எதுவும் இல்லாமல் 'அவன் அட்ஜஸ்ட் ஆனான்' என்பதெல்லாம் 20ஆம் நூற்றாண்டுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த வழக்கம். அதிலும்கூட 'எதற்கு' என்று ஒரு இடம் காத்துக்கொண்டிருக்கும். குளிருக்கு, இருட்டுக்கு, ரிட்டயர்மெண்டுக்கு. லண்டன்காரர் கேட்டதில் தப்பே இல்லை. அவருடைய மொழியில் அந்த வாக்கியத்துக்கு ஒரு கால் இல்லை.

சொல்லின் பிறப்பைத் தேடிப் போனது வேலைக்காக இல்லை. அந்த இரண்டு சொல் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான். ஆனால் போன இடம் சுவாரசியமாக இருந்தது. இலத்தீனில் யுக்ஸ்தா என்றால் பக்கத்தில். அதிலிருந்து 'பக்கத்தில் கொண்டுவருதல்' என்ற பொருளில் ஒரு வினை. அது பழைய பிரெஞ்சுக்குப் போய் 'சேர்த்தல்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வழியில் யூஸ்துஸ் என்ற இன்னொரு இலத்தீன் சொல் வந்து இதோடு கலந்துவிட்டது. ஜஸ்டிஸுக்குத் தாய்ச்சொல் அது. நியாயம், சரி என்று பொருள். எழுத்து ஒன்றுபோல இருந்ததால் 'சரிசெய்தல்' என்ற வாடை ஒட்டிக்கொண்டது. ஆக, ஒரே சொல்லுக்குள் பக்கத்தில் இருப்பதும் நியாயமாக இருப்பதும் குடித்தனம் நடத்துகின்றன.

அந்த யுக்ஸ்தாவுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. நடுக்கால ஐரோப்பாவில் குதிரைமேல் ஈட்டியோடு இரண்டு வீரர்கள் எதிரெதிரே பாய்ந்து மோதுவார்களே, அந்த ஜவுஸ்ட். பக்கத்தில் வருவது என்பதுதான் அதற்கும் முதல் பொருள். பக்கத்தில் வந்தபிறகு என்ன நடக்கும் என்பதை அந்தச் சொல்லே முடிவுசெய்துகொண்டது போலிருக்கிறது. இன்னும் பின்னால் போனால் மொழியியலாளர்கள் காட்டும் வேர் 'பிணைத்தல்'. சமஸ்கிருத யோகம், யுகம், ஆங்கில ஜங்ஷன் எல்லாம் அந்த ஒரே குடும்பம். யுகம் என்றால் காலம் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தடி என்றும் பொருள் உண்டு. நம்முடைய நுகமே அங்கிருந்து வந்ததுதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தாம்பத்தியத்துக்கு ஆங்கிலத்தில் கான்ஜுகல் என்று ஒரு பெயரடை இருக்கிறது. சேர்த்து நுகத்தில் பூட்டுவது என்பதுதான் அதன் அடி. கல்யாணப் பத்திரிகையில் போடலாம்.

நம் ஊரில் 'அனுசரிச்சுப் போ' என்ற பழைய சொல் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மாமியார்களின் வாயில். அனு என்றால் பின்னால். அனுசரித்தல் என்றால் பின்தொடர்ந்து போவது. பிறப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அட்ஜஸ்ட் அதைவிட மரியாதையான சொல். அது பின்னால் வரச் சொல்லவில்லை, பக்கத்தில் வரச் சொல்கிறது.

அப்படிப் பக்கத்தில் வரும் அட்ஜஸ்ட்டும் தமிழில் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் பார்க்கலாம். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒரு பாட்டி, மடியில் ஒயர் கூடை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கப்பா." மூன்று பேரும் ஜன்னல் பக்கமாக அரை அரை இன்ச் நகர்வார்கள். பாட்டிக்குக் கால் சீட்டுதான் கிடைக்கும், மீதி உடம்பு நடைபாதையில் தொங்கும். ஆனாலும் உட்கார்ந்துவிடுவாள். இலத்தீன்காரன் யாராவது அந்த பஸ்ஸில் வந்தால் இதுதான் சரியான பிரயோகம் என்று சொல்லியிருப்பான். எல்லாரும் கொஞ்சம் நசுங்குகிறார்கள், கேட்டவள்தான் அதிகம் நசுங்குகிறாள். பழனி இறக்கத்தில் பாதி பஸ் காலியாகும்போது அதுவும் முடிந்துவிடும்.

மற்றபடி இந்தச் சொல்லைத் தமிழன் போடாத இடம் இல்லை. கடைக்காரர் இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார். நண்பன் "ஒரு ரெண்டாயிரம் அட்ஜஸ்ட் பண்றா" என்றால் கடன். தேர்தல் சமயத்தில் தொகுதி அட்ஜஸ்ட்மெண்ட். சினிமாவில் அந்தச் சொல் என்ன ஆனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, அதில் இந்த 'அட்ஜஸ்ட்மெண்ட்' ஒரு கலைச்சொல்லைப்போல வந்தது. கூடவே 'காம்ப்ரமைஸ்'. வாய்ப்புக் கேட்டு வரும் பெண்களுக்கு முதலில் அறிமுகமாகும் இரண்டு சொற்கள். அங்கேயும் எதை என்று சொல்லப்படுவதில்லை. சொல்லாமல் விடுவதற்காகத்தான் அந்தச் சொல்லே.

சப்டைட்டில் வேலையில் ஒரே வசனத்தை இருபது முறை ஓட்டிக் கேட்பதால் சில பழக்கங்கள் வந்துவிடும். துணைவினைகளைக் கவனிப்பது அதில் ஒன்று. பஸ் பாட்டி சொன்னது 'பண்ணுங்க'. கடைக்காரர் சொன்னது 'பண்ணிக்கோங்க'. இடையில் ஒரு 'கொள்' இருக்கிறது. அடித்தான் என்றால் அடி வேறொருவன்மேல் விழுகிறது, அடித்துக்கொண்டான் என்றால் அவன்மேலேயே. பார்த்துக்கொள், வைத்துக்கொள், பொறுத்துக்கொள். செயலின் பலனோ பாரமோ செய்தவரிடமே திரும்பிவிடும். 'பண்ணுங்க' என்பவர் கூடவே உட்காரப் போகிறவர். 'பண்ணிக்கோங்க' என்பவர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். எல்லா இடத்திலும் இது இவ்வளவு சுத்தமாகப் பிரியாது, பஸ்ஸிலேயே பண்ணிக்கோங்க என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் ஒரு பெண்ணிடம் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் பண்ணிக்கோ, பண்ணிக்கம்மா, பண்ணிக்கயேன்.

கடைசியாகச் சொன்னது நான் சொன்னது.

அக்கா நொட்டாங்கைக்காரி. சாப்பிடுவது மட்டும் வலது கையில், அம்மா சின்ன வயதிலேயே பழக்கிவிட்டாள். எழுதுவது, நறுக்குவது, கரண்டி பிடிப்பது, என்னை அடிப்பது எல்லாம் இடது. மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் அந்தக் கையை நீட்டச் சொல்லி ஸ்கேலைக் குறுக்காக வைத்து அடித்துவிட்டார். மணிக்கட்டில் வீங்கிவிட்டது. அப்பா கையில் கிரீஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். இப்பவே மாத்தலைன்னா பின்னாடி கஷ்டம் சார் என்றார் டீச்சர். "அவ கை எழுதுதுல்ல? அது எந்தக் கையா இருந்தா உங்களுக்கு என்ன டீச்சர்?" என்றார் அப்பா. அதற்குமேல் அவருக்குப் பேசத் தெரியாது. திரும்பும்போது அக்காவுக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், எனக்கும் இரண்டு.

அக்காவுக்குக் கல்யாணமாகி கோயம்புத்தூர் போனாள். நான் சென்னையில் கல்லூரி கடைசி வருடம். வாரம் ஒருமுறை பேசுவோம். மறுவீட்டு விருந்தில் இடது கையால் சாம்பார் ஊற்றியதை அத்தை பார்த்துவிட்டு, பரிமாறுவதற்கு அந்தக் கை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நியாயம்தான் என்று அக்காவே சொன்னாள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாருக்கும் உறுத்தும். பிறகு விளக்கேற்றுவது. பிறகு பால்காரருக்குக் காசு கொடுப்பது. பிறகு கரண்டியால் கிளறுவது. ஒவ்வொரு வாரமும் ஒன்று சேர்ந்தது. அவள் குறை சொல்வது மாதிரியே சொல்ல மாட்டாள், காமெடியாகத்தான் சொல்வாள். வலது கையில் தோசை திருப்பி அது ஆப்பிரிக்கா மேப் மாதிரி ஆனதை, கோலம் போட்டதில் மயிலுக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டதை.

ஒருநாள் மெஸ் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. "இப்ப காய் நறுக்கறது வரைக்கும் வந்துருச்சுடா. அருவாமனையத் திருப்பிப் போட்டு உக்காந்தா எனக்கு விரல் எங்க இருக்குன்னே தெரியல" என்றாள். அன்று காமெடி இல்லை. எனக்கு முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள், சாதம் தீரப் போகிறது.

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எதைடா? கையையா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நல்லபடியாக முடிந்த உரையாடல் என்றுதான் அன்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் போனில் சீரியல் பற்றியும் என் பரீட்சை பற்றியும் பேசினாள். கையைப் பற்றிப் பேசவில்லை. பேசவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு மதியம் கோவை பஸ்ஸிலிருந்து தனியாக வந்து இறங்கினாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கட்டு. சோறு வடிக்கும்போது கை மாற்றிப் பிடித்ததில் தட்டு வழுக்கிக் கஞ்சி மேலே ஊற்றிவிட்டது. யாரும் ஊற்றவில்லை, யாரும் தள்ளவில்லை. போலீஸில் போய்ச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இதுதான் அந்த வீட்டின் விசேஷம். அங்கே ஒருவரும் கெட்டவர் இல்லை. அம்மா முதலில் கேட்டது, "அவங்ககிட்டச் சொல்லிட்டு வந்தியா?" அப்பா கட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த நாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னார்: "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ பாப்பா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அம்மா சொன்னதாகத்தான் இதை நான் கேள்விப்பட்டேன். அப்பாவா என்று திரும்பக் கேட்டேன்.

அக்கா திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி போனாள். மூன்றாவது முறை போகவில்லை. கோர்ட்டு, கவுன்சலிங் எல்லாம் நடந்தது. கவுன்சலிங்கிலும் ஒரு அம்மா அதே சொல்லைச் சொன்னாராம். அதையெல்லாம் விரிவாக எழுத விருப்பமில்லை, அது அவளுடைய கதை. இப்போது திண்டுக்கல்லில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள், இடது கையால். தழும்பு இருக்கிறது. அரைக்கை ஜாக்கெட் போட்டால் தெரியும், அவள் அரைக்கைதான் போடுகிறாள்.

சொல்லைத் தேடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் கண்ணில் பட்ட இன்னொரு விஷயம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலைகளில் 'அட்ஜஸ்டர்' என்றே ஒரு வேலை இருந்தது. அதைச் செய்தவர்கள் பெண்கள். வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு சின்னத் தராசு, ஒரு அரம். முத்திரை குத்துவதற்கு முன்னால் தங்க வில்லைகளை ஒவ்வொன்றாக நிறுப்பார்கள். எடை கூடுதலாக இருந்தால் அரத்தால் ராவிக் குறைக்கவேண்டும். குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, உருக்கப் போய்விடும். சேர்ப்பதற்கு வழியே இல்லை, குறைக்க மட்டும்தான். 1790களில் அந்த நாட்டில் அடித்த வெள்ளி டாலர்களில் அரம் போட்ட கீறல்கள் முத்திரையையும் மீறித் தெரியும். நாணயம் சேகரிப்பவர்கள் அதற்கு 'அட்ஜஸ்ட்மெண்ட் மார்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலையில், கழுத்தில், நட்சத்திரங்களின் குறுக்கே இணைகோடுகளாக ஓடும். இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது.

அடுத்த நாள் அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லாமல், ஒரு படம், அதில் அம்மா இப்படிச் சொல்கிறாள், ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று மட்டும் கேட்டேன்.

"பொண்ணு பெட்டியோட வந்து நிக்கிறாளா?"

"ஆமா."

"அப்புறம் என்ன, திரும்பிப் போன்னு அர்த்தம். அப்படியே போடு."

"அவ அப்படிச் சொல்லலையேக்கா."

"சொல்லமாட்டாங்கடா. அதுக்குத்தான இங்கிலீஷ்ல சொல்றது."

'கோ பேக், டியர்' என்று மாற்றினேன். எங்களுக்கு ஒரு வரியில் 42 எழுத்து வரைக்கும் போடலாம். அதில் பாதிகூட வரவில்லை. லண்டன்காரர் எதுவும் கேட்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆனால் இயக்குநரிடமிருந்து போன் வந்தது. என் வயதுதான் இருக்கும், முதல் படம். "ப்ரோ, இதைப் போட்டா அம்மா வில்லி ஆயிடுறாங்க. அவங்களுக்குப் பொண்ணு மேல பாசம் இல்லன்னு ஆயிடுது. அவங்களுக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல, அவ்ளோதான்" என்றார்.

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சொம்பைக் கொடுக்கும்போது அந்த அம்மாவின் கை நடுங்குகிறது, அதை இருபது முறையும் நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் திரும்பாமல் நின்ற முதுகையும் நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் கடையில் அப்பா எதற்கோ கையாளை அடிக்கப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டிருக்கிறேன்.

'ட்ரை டு மேக் இட் வொர்க், டியர்' என்று மாற்றி அனுப்பினேன். இயக்குநருக்கு ரொம்பத் திருப்தி. லண்டனும் ஒன்றும் கேட்கவில்லை. படம் வந்து, ஓடி, இப்போது ஓடிடியில் இருக்கிறது. எப்போது பார்க்கலாம் என்று அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டாள். அவள் சொன்ன வரியைத்தான் போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.